வேலாயுதருக்குச் சோறு போட்ட தோர்ன்லி

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முறைப்படி கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்தே சத்தியம் பண்ணித் தந்திருக்கலாம். ஆனால் ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் உள்ள புது வீடுகளில் குசினி, மாடிப்படி, படுக்கையறை என்று எங்கே பார்த்தாலும் புகைமணி பூட்டியிருக்கிறார்கள். அதற்குச் சத்தியத்துக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே கற்பூரம் இல்லாத சத்தியமாகவே இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இராஜரட்ணத்தாருக்கு எழுபத்திரண்டு வயது. ஒஷாவாவில் கார்க் கதவுகளுக்குப் பிடி பூட்டும் வேலையை இருபத்தாறு வருடம் செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் ரொறன்ரோத் தமிழர் அவரை அறிந்தது கதவுப்பிடியால் அல்ல. ஒரு வீட்டில் சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, போகும்போது கையில் ஒரு நினைவு மலரும் கொடுக்க வேண்டும். முன் அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இவற்றுக்கு நடுவில் வரும் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர் இராஜரட்ணத்தார். இதுவரை நூற்று நாற்பத்து மூன்று பேரை எழுதி அனுப்பியிருக்கிறார்.

அந்த எழுத்துக்கு ஒரு முறை உண்டு. வேலிச் சண்டையில் முப்பது வருடம் தம்பியோடு கதைக்காதவர் மலரில் ‘அதிகம் பேசாத அமைதியானவர்’ ஆவார். கார் ஓட்டும் சோதனையில் ஒன்பது தரம் தவறியவர் ‘விடாமுயற்சிக்கு இலக்கணம்’ ஆவார். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர் என்ற வரி எல்லாருக்கும் பொது. அதை இராஜரட்ணத்தார் தனியாக அடித்துக் கணினியில் தயாராக வைத்திருந்தார். ஒரு விதவை தன் புருசனின் மலரை வாசித்துவிட்டு, “இந்த மனுசன் ஆர்? என்னை ஏன் இவருக்குக் கட்டி வைக்கேல்லை?” என்று கேட்டாள். இதற்கு மண்டபம் நிறையச் சாட்சி உண்டு.

இதை ஒருவரும் பொய் என்று நினைத்ததில்லை. எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும், செத்தவர் மறுப்பதில்லை. இராஜரட்ணத்தார் செய்த பிழை, இந்த முறையை உலகம் முழுவதும் அறியும் என்று நினைத்ததுதான்.

நிரூபா என்ற பெண் ரொறன்ரோவின் பார்க்டேலில் பழைய கட்டடங்களின் வரலாற்றைப் பேணும் ஒரு சிறிய சங்கத்தில் வேலை செய்தாள். கனடாவில் பிறந்தவள், தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அவளுடைய தகப்பனின் மலரை எழுதியது இராஜரட்ணத்தார் என்பதால் அவர்மேல் அவளுக்குப் பெரிய மதிப்பு. ஒரு ஆடி மாதத்துச் சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னாள்.

“அங்கிள், ஜோசையா தோர்ன்லி எண்டு ஒராள். எய்ட்டீன் எய்ட்டீஸிலை பார்க்டேலிலை பெரிய சோப் ஃபக்டரி வைச்சிருந்தவர். வேர்க்கர்ஸுக்கு வீடு கட்டிக் குடுத்து, லைப்ரரி கட்டி, குளிக்கிறதுக்குச் சுடுதண்ணியோடை ஒரு பில்டிங்கும் கட்டிக் குடுத்தவர். மூண்டு இடத்திலையும் மூண்டு ப்ளாக், நினைவுத் தகடு, வைக்கப் போறம். அங்கை இருக்கிற ஆக்களுக்காக இங்கிலிஷ், திபெத்தன், தமிழ். தமிழ் நீங்கள்தான்.”

“ஆள் எந்தச் சமயம்?” என்று கேட்டார் இராஜரட்ணத்தார். மலர் எழுதுகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். தேவாரமா, பைபிளின் சங்கீதமா என்று முடிவு பண்ண வேண்டும்.

“குவேக்கர்.”

“அது என்ன பிள்ளை, ஓட்ஸ் பெட்டியிலை நிக்கிறவரோ?”

“அந்த ஆக்கள்தான் அங்கிள், கிறிஸ்தவத்திலை ஒரு பிரிவு. பட், பெட்டியிலை இருக்கிறவர் வேற ஆள். இவையளுக்குப் பாதிரி இல்லை, பாட்டு இல்லை. சும்மா சைலன்ற்றா இருப்பினம். அவற்றை பேரன்ர மகள் இருக்கிறா, மிஸ் தோர்ன்லி. எய்ட்டி எய்ட். அவ ஓகே சொன்னால்தான் ப்ளாக் போகும்.”

அடுத்த கிழமை மிஸ் தோர்ன்லியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். குவேக்கர் சபை கூடும் வீட்டின் பின்னறை. சாம்பல் நிறச் சுவெட்டர் போட்ட மெலிந்த கிழவி நேராக உட்கார்ந்திருந்தார். நேரத்தை வீணாக்கவில்லை.

“எங்கள் ஆட்கள் கல்லறையில்கூடப் பெயரையும் ஆண்டையும் தவிர எதுவும் எழுதுவதில்லை. புகழ்ச்சி எங்களுக்கு ஒத்துவராது. இந்தத் தகடே வேண்டாம் என்றுதான் சபையில் பலர் சொன்னார்கள். மூன்று மொழியிலும் ஒரு சொல்கூடப் பொய்யாக இராது என்று நான் அவர்களுக்குச் சொல் கொடுத்திருக்கிறேன். அது தவறினால் நான் எழுந்து நின்று அவர்களிடம் சொல்ல வேண்டும். எண்பத்தெட்டு வருடத்தில் அப்படி நான் நின்றதில்லை. எனக்குத் தமிழ் தெரியாது, மிஸ்டர் இராஜரட்ணம். நீங்கள் உண்மையை மட்டும் எழுதுவீர்களா?”

இராஜரட்ணத்தார் வலக்கையைத் தூக்கினார். “அம்மாளாச்சி அறிய” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“சத்தியம் வேண்டாம்,” என்றார் மிஸ் தோர்ன்லி. “நாங்கள் சத்தியம் செய்வதில்லை. ஒரு நேரம் சத்தியம் செய்தால் மற்ற நேரங்களில் பேசியதெல்லாம் என்ன என்று கேள்வி வரும். ஆம் என்றால் போதும்.”

“ஓம்,” என்றார் இராஜரட்ணத்தார்.

“உங்கள் மொழியில் அதற்கு ‘ஆம்’ என்று பொருளா?”

“ஓம்.”

மிஸ் தோர்ன்லி ஒரு சின்னக் கொப்பியைத் திறந்து அவர் பெயரை எழுதி, பக்கத்தில் அந்தச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் இலட்சம் தரம் சொன்ன ஒரு சொல்லை ஒருவர் எழுதி வைத்ததை இராஜரட்ணத்தார் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்.

மூன்று தகடுகளில் இரண்டு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. நூலகத்துக்கு ஒன்று, தொழிலாளர் வீடுகளுக்கு ஒன்று. மூன்றாவது, குளியல் மண்டபத்துச் சுவருக்கு. அதில் தோர்ன்லியின் பக்கவாட்டு முகத்தை வெண்கலத்தில் வார்த்து, கீழே மூன்று மொழியையும் பக்கம் பக்கமாக நிறுத்துவதாகத் திட்டம். ஆங்கிலம் எட்டு வரி வந்தது. திபெத்து மொழி எட்டு வரி. தமிழ் ஏழு வரியில் நின்றுவிட்டது. நிரூபா அனுப்பிய மாதிரிப் படத்தில் தமிழுக்குக் கீழே ஒரு வரி அளவு வெறுமையாகக் கிடந்தது.

நினைவு மலரில் ஒரு அங்குலம் வெறுமையாக விட்டாலும் சனம், பிள்ளைகள் தகப்பனைப் பார்க்கவில்லை என்று கதைக்கும். இராஜரட்ணத்தார் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சுவரை அவருக்குத் தெரியும். இதை அவர் மனைவி ரதிக்குக்கூடச் சொன்னதில்லை. எண்பத்தாறாம் ஆண்டு பார்க்டேலில் ஒரு அறைக்குள் ஒன்பது பேராக இருந்த குளிர்காலத்தில், அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாக வேலை கேட்டுப் போனவர். ஒரு கதவில் அவர் வாயைத் திறக்கும் முன்னரே உள்ளே இருந்தவன் வெளிச்சத்தை அணைத்தான். அன்றைக்கு அந்தச் சுவரில் சாய்ந்து நின்று கைகளை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கினார். அது யார் கட்டிய சுவர் என்று அப்போது தெரியாது.

அவர் கை தானாக எழுதியது: ‘1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கப்பலேறி வந்திறங்கிய வேலாயுதர் என்னும் தமிழருக்குத் தம் ஆலையில் வேலையும் தம் மேசையில் சோறும் கொடுத்தார்.’

ரதி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “ஆரப்பா உந்த வேலாயுதர்?”

“ஒராள்.”

“செத்தவை உங்களிட்டை வந்தாத் திருந்திப் போறவை எண்டு தெரியும். இப்ப ஆளே இல்லாமலும் எழுதத் தொடங்கியாச்சோ?”

“இடம் கிடந்தது ரதி.”

“இடம் கிடந்தா வாழ்த்து ஒண்டைப் போடுங்கோவன். அந்தக் கிழவி உங்களை நம்பினதெண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்.”

இராஜரட்ணத்தார் அனுப்பும் பொத்தானை அமத்தினார். எல்லாரும் அறிந்த முறைதானே, சும்மா ஒரு மரியாதைக்கு எழுதியது என்று தனக்குத்தானே மூன்று தரம் சொன்னார். உண்மை என்றால் ஒரு தரம் சொன்னாலே போதுமே என்று பிறகு யோசித்தார்.

அடுத்த சித்திரையில் தகடு திறந்தார்கள். முதல் கிழமை ஒரு செவ்வந்தி மாலை கிடந்தது. இரண்டாம் கிழமை தோர்ன்லியின் வெண்கல நெற்றியில் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. பக்கத்தில் வசிக்கும் திபெத்தியர் இதைப் பார்த்துத் தங்கள் முறைப்படி வெள்ளைச் சால்வை கொண்டுவந்து கட்டினார்கள். காரணம் கேட்கவில்லை, மரியாதை செய்வதற்குக் காரணம் கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை. மூன்றாம் கிழமை புதுக் கார் வாங்கிய ஒருவர் தகட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தார். அடுத்த ஞாயிறு கார்கள் குயின் வீதி வரைக்கும் வரிசையில் நின்றன, தேசிக்காய்த் தோலில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் ஒன்று வழுக்கி அடுத்த தரிப்பில் போய்த்தான் நின்றது. பதினாறு வருடம் சாதகம் பொருந்தாத ஒரு பெண் தகட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். மூன்று கிழமையில் கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளை தோர்ன்லியைப் போலவே சவர்க்காரம் விற்கிறவர்.

எல்லாரும் வாசித்தது அந்த எட்டாவது வரியை மட்டும்தான். தமிழனுக்கு இந்த நாட்டில் முதன்முதல் சோறு போட்ட வெள்ளைக்காரன் என்று வானொலியில் சொன்னார்கள்.

பிறகு அருள்நாயகம் வந்தார். ஒஷாவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இராஜரட்ணத்தாரின் வீட்டு இருக்கையில் அமர்ந்து, ஒரு பழைய படத்தைப் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்தார். தலைப்பாகை கட்டிய ஒருவர் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றார்.

“அண்ணை, இதுதான் வேலாயுதர். என்ர பூட்டன்.”

இராஜரட்ணத்தாருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

“ஆனா ஒரு பிழை விட்டிட்டியள்,” என்றார் அருள்நாயகம். “அவர் வந்தது தொண்ணூற்றோராம் ஆண்டு இல்லை. தொண்ணூறு, ஐப்பசி. கப்பலிலை காய்ச்சல் வந்து ஒரு மாதம் பிந்தினது.”

“மெய்யே?”

“மெய்தான். நீங்கள் கேள்விப்பட்டதைத்தானே எழுதுவியள், பரவாயில்லை. வாற மாதம் அவருக்கு ஒரு நினைவு விழா எடுக்கிறம். மலரை நீங்கள்தான் எழுத வேணும். வேற ஆருக்கு அவரைத் தெரியும்?”

அந்த இடத்தில் இராஜரட்ணத்தார் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார். “எத்தனை பக்கம்?” என்ற கேள்விதான் வெளியே வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வேலாயுதர் அதில் பனிக்குள் விழுந்த ஒரு குதிரையைத் தனியாகத் தூக்கி நிறுத்தினார். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. ரதி அச்சுப் பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டால் எதிரே வேலாயுதர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆள் நன்றாகச் சாப்பிட்டார், இரண்டாந்தரம் குழம்பும் கேட்டார். கை கழுவப் போனால் சவர்க்காரம் கைக்குள் நிற்காமல் வழுக்கி ஓடியது. ஒரு மாதத்தில் பதினொரு இறாத்தல் குறைந்தார். வைத்தியர் சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

ஆனியில் மிஸ் தோர்ன்லி தொலைபேசியில் அழைத்தார். “மிஸ்டர் இராஜரட்ணம், மக்கள் பூக்கள் கொண்டுவருகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்து ஒருவரும் பூக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. தமிழில் என்ன இருக்கிறது?”

“எங்கட சனத்துக்கு அவரில மரியாதை,” என்றார் இராஜரட்ணத்தார். அது உண்மைதான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான்.

“சபையிலும் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே சொல்ல முடியுமா?”

“ஓம்,” என்றார். அந்தச் சொல்லை வேறு மாதிரிச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஞாயிறு காலை பத்து மணி. இருபத்திரண்டு பேர் வட்டமாகக் கதிரைகளில் இருந்தார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை, ஒருவரும் தொடங்கவும் இல்லை. யாருக்கு உள்ளே தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசலாம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் மௌனம் என்று மிஸ் தோர்ன்லி காதுக்குள் சொல்லியிருந்தார். இராஜரட்ணத்தார் ஊர்ச்சங்கக் கூட்டங்களில் இரண்டு நிமிட மௌன அஞ்சலியை அறிவிக்கிறவர். அறிவித்துவிட்டு அந்த இரண்டு நிமிடமும் நன்கொடையாளர் பெயர்களைச் சரிபார்ப்பார். முழு மௌனத்துக்குள் இருப்பது அவருக்கு இதுவே முதல் தடவை.

பத்து நிமிடத்தில் சுவர்க் கடிகாரம் கேட்டது. இருபது நிமிடத்தில் பக்கத்துக் கிழவரின் மூச்சுக் கேட்டது. முப்பத்தைந்தில், தான் எழுதிய நூற்று நாற்பத்து மூன்று பேரும் சுவரோரமாக வந்து வரிசையில் நின்றதாக அவருக்குத் தோன்றியது. ஒருவரும் ஏசவில்லை. வேலிச் சண்டைக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். நாற்பத்தொன்பதாவது நிமிடம் இராஜரட்ணத்தார் எழுந்துவிட்டார்.

எழுந்ததும் ஆங்கிலம் அவரை விட்டு ஓடிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் சேர்த்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. அவர் தமிழில் சொன்னார்.

“நான் பொய் எழுதிப்போட்டன். வேலாயுதர் எண்டு ஒருத்தரும் இல்லை. இந்த அம்மாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழுதினன். எனக்கு இந்தத் தெருவிலை ஒருத்தரும் கதவு திறக்கேல்லை. ஒருத்தனுக்காவது திறந்திருக்கக் கூடாதோ எண்டு எழுதினன். பேந்து நிப்பாட்டத் தெரியேல்லை.”

ஏழு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் முதன்முதலாக முழு உண்மையும் சொல்லியிருந்தார். கேட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பதினொரு மணிக்கு எல்லாரும் பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்தார்கள். மூச்சுக் கேட்ட கிழவர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, “நன்றி, நண்பரே. எனக்கு விளங்கவில்லை, ஆனால் உண்மை என்று தெரிந்தது,” என்றார்.

இராஜரட்ணத்தாருக்கு அந்த இடத்திலேயே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடியிருந்தால் வேலை முடிந்தது. சொல்லியும் ஆயிற்று, ஒருவருக்கும் தெரியவும் இல்லை. கோப்பி மேசைக்குப் பக்கத்தில் மிஸ் தோர்ன்லி அவரிடம் வந்தார்.

“என்ன சொன்னீர்கள்?”

நல்ல நல்ல பதில்கள் எட்டுப் பத்து அவர் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. தொழில் பழக்கம். அவர் அவற்றை எல்லாம் விழுங்கினார். “கடைசி வரி பொய், மிஸ் தோர்ன்லி. உங்கள் பூட்டனார் ஒரு தமிழனுக்கு வேலையும் சோறும் கொடுத்தார் என்று எழுதினேன். அப்படி ஒரு தமிழன் இல்லை.”

மிஸ் தோர்ன்லி கோப்பையைக் கீழே வைத்தார். “மற்ற ஏழு வரியும்?”

“நீங்கள் தந்ததுதான்.”

“அவர் தன் மேசையில் யாரையும் இருத்தியதாக எங்கள் வீட்டில் நான் கேள்விப்பட்டதில்லை. தனியாகச் சாப்பிடுவார். சாப்பிடும்போது கதவைப் பூட்டிக்கொள்வாராம்.” கோப்பி குடித்துக்கொண்டிருந்த சபையாரின் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யை நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன்.”

“தெரியாமல்தானே சொன்னீர்கள். நான் சொல்கிறேன், நீங்கள் நிற்க வேண்டாம்.”

“சொல் கொடுத்தது நான்.”

மிஸ் தோர்ன்லி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எல்லாரும் திரும்பினார்கள். தான் கொடுத்த சொல் தவறிவிட்டது, தகட்டில் ஒரு வரி பொய், வாசிக்கத் தெரியாத ஒன்றுக்குத் தான் பொறுப்பு ஏற்றது தன் பிழை என்று சொன்னார். எண்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சொன்னார். இராஜரட்ணத்தாரின் பெயரைச் சொல்லவே இல்லை.

யாராவது ஒருவர் ஏசியிருந்தால் இராஜரட்ணத்தார் பிழைத்துப் போயிருப்பார். ஒருவரும் ஏசவில்லை. ஒரு பெண் அவருக்கு இன்னொரு பிஸ்கற் கொடுத்தாள். அதை மெல்ல அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது.

நிரூபாவுக்கு அன்று பின்னேரம் தொலைபேசியில் சொன்னார்.

“அங்கிள், அப்ப அப்பான்ர மலர்? அதிலை எது மெய்?”

“பிறந்த திகதி,” என்றார் இராஜரட்ணத்தார். பிறகு, “உன்னைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளை கிளினிக்குக்கு நடந்தது மெய், பிள்ளை. அதை நான் கண்ணாலை கண்டனான்,” என்றார். அதை அவர் மலரில் எழுதியிருக்கவில்லை. எழுத இடம் இருக்கவில்லை.

புதுத் தகடு வார்த்து வர எட்டு மாதம் ஆகும் என்றாள் நிரூபா. அந்த எட்டு மாதமும் பொய் சுவரில் நிற்கலாமா என்று மிஸ் தோர்ன்லி கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: பூவோடு வருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். யார் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் இரண்டு மடக்குக் கதிரைகளைக் கொண்டுபோய்த் தகட்டுக்குக் கீழே போட்டு, இருவரும் உட்கார்ந்தார்கள். ரதி ஒரு போத்தலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டார். மகிழ்ச்சியில் கொடுத்ததா தண்டனையாகக் கொடுத்ததா என்று தெரியவில்லை, சீனி போடவில்லை.

முதல் சனிக்கிழமையே அருள்நாயகம் ஆறடி மாலையோடு வந்தார்.

“அருள்நாயகம், ஒரு விசயம் சொல்ல வேணும்,” என்றார் இராஜரட்ணத்தார் எழுந்து நின்று. “வேலாயுதர் எண்டு ஆக்கள் இல்லை. நான்தான் சும்மா எழுதினனான். மன்னிச்சுக்கொள்ளும்.”

அருள்நாயகம் மாலையைக் கையில் வைத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணை, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?”

“நல்லாத்தான் இருக்கிறன். அந்த வரி பொய்.”

“வரி பொய்யாயிருக்கலாம். நாற்பத்தெட்டுப் பக்கத்திலை புத்தகம் இருக்கே.”

“அந்தப் புத்தகத்தை எழுதினதும் நான்தான் ஐசே.”

“அப்ப உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிஞ்சிருக்குத்தானே,” என்றார் அருள்நாயகம். “தெரியாமல் ஒரு மனுசன் நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதுவானே? உங்கட பரம்பரையிலை ஒருத்தரும் முந்தி வரேல்லை எண்ட எரிச்சல். விளங்குது. எனக்குக் கோவம் இல்லை.”

மாலையைத் தோர்ன்லிக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிஸ் தோர்ன்லி என்ன நடந்தது என்று கேட்டார். இராஜரட்ணத்தார் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார், எரிச்சல் உட்பட.

“அவர் நம்பவில்லையா?”

“நம்பவில்லை. என் எழுத்து அப்படி.”

“பெருமைப்படுகிறீர்களா?”

இராஜரட்ணத்தார் யோசித்தார். “கொஞ்சம்,” என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருந்தது, அதற்காகவும் வெட்கப்பட்டார்.

ஆடி, ஆவணி முழுவதும் சனிக்கு சனி அவர் சொன்னார். கேட்டவர்கள் தங்களுக்குள், பாவம், பெரிய மனுசன், அடக்கத்திலை சொல்லுறார் என்றார்கள். சிலர் உண்மையைச் சொல்லும் மனிதர் என்று அவருக்கே ஒரு பூவைக் கொடுத்தார்கள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் இரண்டு கிழங்களும் தகட்டின் பகுதி என்று நினைத்து மிஸ் தோர்ன்லியின் கழுத்தில் மாலை போட்டது. அவர் அதைக் கழற்றி, மடித்து, இராஜரட்ணத்தாரின் மடியில் வைத்தார். ஒவ்வொரு பூவும் இராஜரட்ணத்தாருக்கு ஒரு கல்லின் பாரமாக இருந்தது. மாலைகளை வீட்டுக்குக் கொண்டுபோனால் ரதி குப்பைக்குள் போட விடவில்லை. “உங்களுக்குக் கிடைச்ச மரியாதை, நீங்களே வைச்சிருங்கோ,” என்று கராஜுக்குள் அடுக்கச் சொன்னார். கார் வெளியே நின்றது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, துர்க்கா என்ற பெண் ரோசாப்பூக் கொத்தோடு வந்தாள். நாற்பது வயது இருக்கும். இராஜரட்ணத்தார் வழக்கப்படி எழுந்தார்.

“பிள்ளை, அந்தக் கடைசி வரி பொய். நான்தான் எழுதினனான்.”

“தெரியும் அங்கிள். நீங்கள் பொய்யெண்டு சொல்லுறியள் எண்டு எல்லாருக்கும் தெரியும்.” அவள் கொத்தைத் தகட்டுக்குக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பொய்யெண்டாலும் எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறியள். எங்கட மாமா மோசம் போய்ப் பன்ரெண்டு நாள். முப்பத்தோராம் நாளுக்கு அவருக்கும் ஒண்டு எழுதித் தருவியளோ? அதைக் கேக்கத்தான் வந்தனான்.”

இராஜரட்ணத்தார் மிஸ் தோர்ன்லியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எதைச் சொன்னாலும் அவருக்குத் தெரியவரப் போவதில்லை.

“மாமா எப்பிடியான ஆள்?”

“உங்களிட்டைச் சொல்லுறதுக்கென்ன. வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க விடாத மனுசன். ஆக்கள் மணி அடிச்சா ரீவியை நிப்பாட்டிப் போட்டு இருட்டுக்குள்ளை இருப்பார்.”

“எழுதித் தாறன். அப்பிடியே எழுதுவன். ரீவியை நிப்பாட்டினதையும் எழுதுவன். சம்மதமோ?”

துர்க்கா அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய முகம் மெல்ல மாறியது.

“அப்ப உந்த வரி மெய்யாவே பொய்யோ?”

“மெய்யாவே பொய்.”

அவள் தகட்டைப் பார்த்தாள். குனிந்து ரோசாக் கொத்தை எடுத்தாள். “அப்பிடியெண்டா நான் வேற ஆளைப் பாக்கிறன் அங்கிள். குறை நினைக்காதையுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் பூவோடு தெருவைக் கடந்து போனாள்.

“என்ன ஆயிற்று?” என்று கேட்டார் மிஸ் தோர்ன்லி.

“ஒருவர் நம்பிவிட்டார்,” என்றார் இராஜரட்ணத்தார். கதிரையில் உட்கார்ந்தார். நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் பசித்தது.

மிஸ் தோர்ன்லி தன் கதிரையை வெயில் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “நல்லது. அதோ, அடுத்தவர் வருகிறார். எழும்புங்கள்,” என்றார்.

பார்க்டேலில் போய்த் தேடப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தோர்ன்லி என்ற பெயரில் அங்கே சவர்க்காரத் தொழிற்சாலையோ குளியல் மண்டபமோ தகடோ இருந்ததே இல்லை. கற்பூரம் கொளுத்தாத சத்தியம் என்று முதலிலேயே சொல்லியாயிற்று.